எலும்பை நீக்கிக் கொடுத்த அன்பு

 

மக்தபில் பாடம் நடத்தத் தொடங்கி 20 ஆண்டுகளுக்கும் மேலாகிவிட்டது. இந்தக் காலத்தில், பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணைப் பற்றிய நபிமொழியை எத்தனை முறை நடத்தியிருப்போம் என்பதற்குக் கணக்கில்லை. ஒவ்வொரு முறையும் பிள்ளைகளின் முகம் வாடும். ‘நாம் அப்படிப்பட்டவர்கள் அல்லர், அல்ஹம்துலில்லாஹ்’ என்று சொல்லி அடுத்த பாடத்திற்குச் செல்வோம். அந்த நபிமொழியில் பாதியை மட்டுமே விளங்கியிருந்தோம் என்பதைச் சென்ற ஆண்டு ஒரு பூனைக்குட்டி எங்களுக்கு உணர்த்தியது. அதன் முதுகெலும்பு வளைந்த பிறகுதான் நாங்கள் உணர்ந்தோம் என்பதே இக்கட்டுரையை எழுதவைக்கும் வேதனை.

‘நாங்கள்’ என்று இங்கே எழுதுவது எங்கள் இல்லத்தார் அனைவரையும் சேர்த்துத்தான். அன்பில் எல்லோருக்கும் பங்கிருந்தது. தவறிலும் அவ்வாறே.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஏறத்தாழ ஒரு மாதம் இருந்தது. அஸர் தொழுகைக்குப் பின் ஓத வந்த பிள்ளைகள், ஹவுள் கரையில் ஓர் அரிசிச் சாக்கு அசைவதைக் கண்டு ஓடிவந்தார்கள். அவிழ்த்துப் பார்த்தபோது உள்ளே மூன்று குட்டிகள் இருந்தன. ஒன்று ஏற்கெனவே உயிரிழந்திருந்தது. மற்ற இரண்டும் கத்தக்கூடத் தெம்பின்றி வாயை மட்டும் திறந்து மூடின. பிள்ளைகளில் ஒருவன் தன் தொப்பியைக் கழற்றி, இரண்டையும் அதற்குள் வைத்து எங்களிடம் நீட்டினான். “ஹஸ்ரத், நீங்கள் கொண்டுபோனால்தான் இவை பிழைக்கும்” என்றான். அந்தத் தொப்பியோடுதான் வீட்டுக்கு வந்தோம்.

வீட்டில் முதலில் எழுந்தது மார்க்கக் கேள்வி. “தொழுகிற வீடாயிற்றே மாப்பிள்ளை!” என்று மாமி அவர்கள் தயங்கினார்கள். அபூ கதாதா (ரலி) அவர்களின் நிகழ்ச்சியை அவர்களுக்கு எடுத்துரைத்தோம். அவர்கள் ஒளூ செய்வதற்காக மருமகள் கப்ஷா தண்ணீர் ஊற்றிவைத்தபோது ஒரு பூனை வந்தது. அது குடிப்பதற்கு வசதியாகப் பாத்திரத்தையே சாய்த்துக் கொடுத்தார்கள். கப்ஷா வியப்புடன் பார்த்தபோது, பூனை அசுத்தமானதன்று, அது நம்மைச் சுற்றிச் சுற்றி வரும் உயிரினங்களில் உள்ளது என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதை அறிவித்தார்கள். அபூதாவூத், திர்மிதீ உள்ளிட்ட நூல்களில் பதிவாகியுள்ள செய்தி இது.

மாமி அவர்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்கள்: “அசுத்தம் இல்லை என்பது சரி மாப்பிள்ளை. அதற்கு என்ன தீனி கொடுக்க வேண்டும் என்பதையும் கிதாபில் பார்த்துவிட்டீர்களா?”

அதை அப்போது நாங்கள் வேடிக்கைப் பேச்சாகவே எடுத்துக்கொண்டோம்.

பிள்ளைகள் பெயர் சூட்டினார்கள். வகுப்பில் அப்போதுதான் பழங்களின் அரபிப் பெயர்களை நடத்தியிருந்தோம். சர்க்கரை பாதாமிப் பழத்தின் நிறத்தில் இருந்த குட்டி ‘மிஷ்மிஷ்’ ஆயிற்று. வெள்ளையில் சாம்பல் கலந்திருந்தது ‘கமர்’ ஆயிற்று. முதலில் பசும்பால் கொடுத்தோம். இரண்டும் கழிந்தன. பாலிலுள்ள சர்க்கரை பெரும்பாலான பூனைகளுக்குச் செரிப்பதில்லை என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. சோற்றைப் பிசைந்து வைத்தோம், முகர்ந்துவிட்டுச் சென்றன.

வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்திருந்த நண்பர் ஒருவர்தாம் வழி சொன்னார். “பூனை ஊன் உண்ணும் பிராணி. பச்சைக் கறியைக் கொடுங்கள். காட்டில் புலிக்கு யார் குழம்பு வைத்துக் கொடுக்கிறார்கள்?” என்றார். அந்த வாதம் எங்களுக்குப் பிடித்துப்போயிற்று. அல்லாஹ் படைத்த இயல்பின்படி உணவளிக்கிறோம் என்கிற நிறைவும் அதில் கிடைத்தது. கறிக்கடையிலிருந்து துண்டுகள் வாங்கிவந்து வைத்தோம். உறுமிக்கொண்டே உண்டன. உள்ளங்கையளவு இருந்த உயிர்கள் உறுமியதைக் கேட்டு வீடே சிரித்தது.

பெருநாள் வந்தது. குர்பானி கொடுத்து, ஏழைகளின் பங்கையும் உறவினர்களின் பங்கையும் பிரித்து அனுப்பிய பின், எங்கள் பங்கைக் குளிர்சாதனப் பெட்டியில் அடுக்கினோம். அதில் ஒரு பகுதியைக் குட்டிகளுக்கென்று ஒதுக்கினோம். “குர்பானிக் கறியைப் பூனைக்கா?” என்று மாமி அவர்கள் கேட்டபோது, எங்களுக்கு உண்ண அனுமதிக்கப்பட்ட பங்கிலிருந்துதான் கொடுக்கிறோம் என்று விளக்கினோம். ஒருநாள் மிஷ்மிஷ் ஒரு துண்டைக் கவ்வி இழுத்துச் சென்று முஸல்லாவின் மீது வைத்துக்கொண்டு தின்றது. அன்று ஓடும் இரத்தத்தின் சட்டம் என்ன, அறுக்கப்பட்ட பிராணியின் கறியில் ஒட்டியிருக்கும் இரத்தத்தின் சட்டம் என்ன என்று வீட்டில் ஒரு பாடமே நடந்தது. ஃபிக்ஹுச் சட்டங்களில் எதையும் நாங்கள் தவறவிடவில்லை. இதைச் சொல்வதற்குக் காரணம் பின்னால் விளங்கும்.

அந்தக் கறியை எவ்வளவு பேணுதலாகத் தயார் செய்தோம்! எலும்பு தொண்டையில் குத்தும் என்று கடைசிச் சிம்பு வரை நீக்கினோம். ஜவ்வையும் கொழுப்பையும் களைந்தோம். சுண்டுவிரல் நுனியளவு நறுக்கி, குளிர் போக்கி, தட்டில் வைத்தோம். வாரம் இரண்டு மூன்று நாள் ஈரல். எங்கள் இளைய மகள் பிஸ்மில்லாஹ் சொல்லி ஒவ்வொரு துண்டாக மிஷ்மிஷுக்கு ஊட்டிவிடுவாள். அது அவள் மடியைவிட்டு இறங்காது. தெருவில் வாகனங்களும் நாய்களும் இருப்பதால் அதை வெளியே விடுவதில்லை. அதற்காகவே ஜன்னலுக்கு வலை அடித்தோம்.

கமர் அந்த வலைக்கு அடங்கவில்லை. மொட்டைமாடிக் கதவு எப்போது திறக்கும் என்று காத்திருந்து நழுவிவிடும். பக்கத்துத் தோப்பில் பல்லி, ஓணான், சுண்டெலி என்று கிடைத்ததையெல்லாம் தலை முதல் வால் வரை மென்று விழுங்கிவிட்டு மாலையில் திரும்பும். ஒருமுறை எலி வால் வாயில் தொங்க வீட்டுக்குள் வந்து நின்றது. “சீ, உனக்கு நல்ல கறியின் அருமை தெரியவில்லை” என்று விரட்டினோம். இரண்டில் மிஷ்மிஷ் ஒழுக்கமான பிள்ளை என்றும், கமர் ஊர்சுற்றி என்றும் எங்கள் வீட்டில் தீர்ப்பாகியிருந்தது.

பெருநாள் முடிந்து இரண்டு மாதம் ஆகும் நேரத்தில் மிஷ்மிஷ் விளையாடுவதை நிறுத்தியது. கட்டிலில் தாவுவதில்லை. உட்கார்ந்த இடத்திலேயே இருந்தது. தூக்கினால் முனகியது. பின்னங்காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தது. செல்லம் கொடுத்ததால் சோம்பல் வந்துவிட்டது என்று எண்ணினோம். சத்து போதவில்லையோ என்று ஐயம் வந்தபோது நாங்கள் செய்தது, கறியின் அளவைக் கூட்டியதுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, ஒரு முழ உயரம்கூட இல்லாத முக்காலியிலிருந்து மிஷ்மிஷ் கீழே இறங்கியது. தாவக்கூட இல்லை, இறங்கத்தான் செய்தது. அப்போது அது எழுப்பிய ஓசை இன்றும் எங்கள் காதில் இருக்கிறது. பின்னங்கால் ஒன்று தொங்கியது. மகள் அலறினாள்.

திருநெல்வேலிக்குக் கொண்டு சென்றோம். கால்நடை மருத்துவர் ஓர் இளம் பெண்மணி. எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எலும்பு வெள்ளையாகவும் சதை மங்கலாகவும் தெரிய வேண்டிய படத்தில், இரண்டும் ஏறக்குறைய ஒரே சாயலில் இருந்தன. தொடையெலும்பு ஈர அட்டையைப் போல மடிந்திருந்தது. முதுகெலும்பு நேராக இல்லை.

“என்ன உணவு கொடுக்கிறீர்கள்?” என்று கேட்டார்.

ஒருவிதப் பெருமிதத்துடனேயே பதில் சொன்னோம்: “நல்ல இறைச்சிதான் அம்மா. சோறு, பிஸ்கட் எதுவும் கிடையாது. பச்சை இறைச்சி, எலும்பு நீக்கியது.”

“எலும்பை நீக்கிவிட்டா?”

“ஆம். ஒரு சிம்புகூட இருக்காது.”

அவர் படத்தை மேசைமீது வைத்துவிட்டுச் சற்று மௌனமாக இருந்தார். பிறகு கடிந்துகொள்ளாமல் விளக்கினார். அதை அப்படியே எழுதுகிறோம். வாசகர்களில் யாருக்கேனும் பயன்படட்டும்.

இறைச்சியில் புரதம் உண்டு, பாஸ்பரஸ் உண்டு. கால்சியம் என்னும் சுண்ணாம்புச் சத்து மட்டும் மிகக் குறைவு. வளரும் குட்டிக்கு இரண்டும் ஏறக்குறையச் சமமாக வேண்டும். வெறும் தசையிலோ, ஒரு பங்கு கால்சியத்துக்கு 15 முதல் 20 பங்கு வரை பாஸ்பரஸ் இருக்கிறது. ஈரலில் இந்த ஏற்றத்தாழ்வு இன்னும் மோசம். இதயம் துடிக்கவும் நரம்புகள் இயங்கவும் இரத்தத்தில் கால்சியம் குறிப்பிட்ட அளவில் இருந்தே தீர வேண்டும். உணவில் அது வராதபோது கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் தூண்டப்பட்டு, எலும்பைக் கரைத்து இரத்தத்துக்குக் கொடுக்கின்றன. குட்டி பார்வைக்குக் கொழுகொழுவென்று இருக்கும், ரோமம் மின்னும். உள்ளே எலும்பு நாள்தோறும் கரைந்துகொண்டிருக்கும். இறுதியில் அதன் சொந்த எடையே அதை முறித்துவிடும்.

“கறியைப் பச்சையாகக் கொடுத்ததால் வந்ததா?” என்று கேட்டோம்.

“இல்லை. இதையே வேகவைத்துக் கொடுத்திருந்தாலும் எலும்பு இப்படித்தான் ஆகியிருக்கும். காட்டில் பூனை கறியை உண்பதில்லை, எலியை உண்கிறது. எலிக்குள் எலும்பு, குடல், ஈரல், இதயம் எல்லாம் இருக்கின்றன. நீங்கள் அந்த எலியிலிருந்து சதையை மட்டும் எடுத்துக் கொடுத்திருக்கிறீர்கள்.”

கமரைப் பற்றிச் சொன்னோம். ஒரே சாக்கில் வந்த குட்டி, அதே தட்டில் சில வேளை உண்பது, ஆனால் மதில் மேல் ஓடுகிறது என்றோம். அவர் மெல்லத் தலையசைத்தார். “அதற்கு வேண்டியதை அது வெளியே தேடிக்கொண்டது. இதற்கு அந்த வழி இல்லை.”

இன்னொரு செய்தியையும் அவர் கேட்டறிந்தார். எங்கள் மூத்த மகள் அப்போது கருவுற்றிருந்தாள். பச்சை இறைச்சியில் டாக்ஸோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி இருக்கக்கூடும் என்றும், முதன்முறையாக அது தொற்றிய பூனையின் மலத்தில் ஒன்று முதல் மூன்று வாரங்கள் வரை அதன் முட்டைகள் வெளியேறும் என்றும், கருவிலுள்ள குழந்தைக்கு அது தீங்கிழைக்கக்கூடும் என்றும் சொன்னார். மணல் தட்டை அவள் கையாலேயே பல நாள் சுத்தம் செய்திருந்தாள். இரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை எங்கள் வீட்டில் எவரும் சரியாக உறங்கவில்லை. அல்லாஹ்வின் அருளால் ஒன்றுமில்லை என்று வந்தது. இரத்தம் தோய்ந்த கறியின் சட்டத்தையெல்லாம் ஆராய்ந்த வீட்டில், அதே கறியைத் தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும் என்ற எண்ணம் எவருக்கும் தோன்றியிருக்கவில்லை. நஜீஸ் பற்றிய அறிவு எங்களிடம் இருந்தது. நோயைப் பற்றிய அறிவு இல்லை. முன்னர் காரணம் பின்னால் விளங்கும் என்று எழுதியது இதைத்தான். அல்லாஹ் தன் வேதத்தில் உணவைப் பற்றிப் பேசும்போது ஹலால் என்ற சொல்லோடு தய்யிப் என்ற சொல்லையும் இணைத்துச் சொல்கிறான். நாங்கள் முதல் சொல்லோடு நின்றுவிட்டோம்.

அடுத்த வாரம் மக்தபில் நடத்த வேண்டிய பாடம் எதுவென்று பாடத்திட்டத்தைப் புரட்டியபோது, பூனையைக் கட்டிவைத்த பெண்ணின் ஹதீஸ் இருந்தது.

இப்னு உமர் (ரலி) அவர்களும் அபூஹுரைரா (ரலி) அவர்களும் அறிவித்து, புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ள செய்தி அது. பூனைக்குட்டியின் பெயராலேயே அழைக்கப்பட்ட தோழர் அதன் அறிவிப்பாளர்களில் ஒருவர் என்று பிள்ளைகளிடம் ஒவ்வோர் ஆண்டும் சுவையாகச் சொல்வோம். இம்முறை வரிகளை வாசித்தபோது குரல் நின்றுவிட்டது. அந்தப் பெண்ணின் மீது நபி (ஸல்) அவர்கள் வைக்கும் குற்றச்சாட்டு ஒன்றல்ல, இரண்டு. அவள் அதற்கு உணவளிக்கவில்லை என்பது ஒன்று. பூமியிலுள்ள சிறு உயிரினங்களைத் தின்று பிழைக்கும்படி அதை விடவும் இல்லை என்பது மற்றொன்று. முதலாவதைத்தான் இத்தனை ஆண்டுகளாகப் பாடமாக நடத்தினோம். இரண்டாவது வெறும் விளக்கம் என்று கடந்து சென்றோம்.

பல்லியும் சுண்டெலியும் ஓணானும்தான் அந்தச் சிறு உயிரினங்கள். கமர் தோப்பில் தேடித் தின்றது அதைத்தான். நாங்கள் அருவருத்து விரட்டியதும் அதைத்தான். மிஷ்மிஷின் ஜன்னலுக்கு வலை அடித்தபோது, பூமியின் அந்த உணவுக்கும் அதற்கும் நடுவே நாங்கள் நின்றோம். கதவை அடைத்தவர்மீது, கதவுக்கு வெளியே இருந்தவை அனைத்தையும் உள்ளே கொண்டுவந்து தரும் பொறுப்பு வந்துவிடுகிறது. வளர்க்கும் பிராணிக்குத் தேவையானதைக் கொடுப்பது உரிமையாளர்மீது கடமை, இயலாதவர் அதை விற்கவோ விட்டுவிடவோ வேண்டும் என்று ஃபுகஹாக்கள் எழுதியிருப்பதை நாங்கள் ஓதியிருந்தோம். ‘தேவையானது’ எது என்பதை அறிவதும் அக்கடமையின் ஒரு பகுதி என்று ஓதியிருக்கவில்லை.

குட்டிகளைச் சாக்கிலிருந்து எடுத்தவர்கள் அந்தப் பிள்ளைகளே. ஆகவே அவர்களிடம் மறைப்பது அமானிதத்துக்குத் துரோகம் என்று தோன்றியது. பாடத்தை நிறுத்திவிட்டு நடந்ததைச் சொன்னோம். “மிஷ்மிஷின் கால் முறிந்ததற்குக் காரணம் நாங்கள்தாம்” என்றோம். ஒரு ஹஸ்ரத் தம் தவறை வகுப்பில் சொல்வதை அவர்கள் கேட்டதில்லை போலும். எவரும் அசையவில்லை.

தொப்பியைக் கழற்றித் தந்த அந்தச் சிறுவன்தான் எழுந்தான். “ஹஸ்ரத், உங்கள் நிய்யத் நல்லதாகத்தானே இருந்தது? செயல்களெல்லாம் நிய்யத்தைப் பொறுத்தவை என்று நீங்கள்தானே முதல் பாடமாக நடத்தினீர்கள்?” என்றான்.

எங்களுக்கு ஆறுதல் சொல்லவே அவன் கேட்டான். ஆயினும் அந்தக் கேள்விக்குப் பின்னால்தான் நாங்களும் ஒரு வாரமாக ஒளிந்துகொண்டிருந்தோம். அவனுக்குச் சொன்ன பதில் இது: “நிய்யத் அல்லாஹ்விடம் போய்ச் சேரும். மிஷ்மிஷின் எலும்புக்குப் போய்ச் சேராது.” பிறகு, மருத்துவம் அறியாதவராக இருந்துகொண்டு மருத்துவம் பார்ப்பவர், அதனால் விளையும் கேட்டுக்குப் பொறுப்பாளியாவார் என்ற கருத்திலமைந்த நபிமொழியை எடுத்துச் சொன்னோம். அபூதாவூத், நஸாயீ, இப்னு மாஜா ஆகிய நூல்களில் உள்ளது. அப்படி மருத்துவம் பார்ப்பவரும் பெரும்பாலும் நல்ல எண்ணத்துடன்தான் கை வைக்கிறார். பொறுப்பு அவரைவிட்டு நீங்கவில்லை.

ஒட்டகம் ஒன்று நபி (ஸல்) அவர்களைக் கண்டு கண்ணீர் வடித்ததும், தன் உரிமையாளர் தன்னைப் பட்டினி போட்டு வேலை வாங்குவதாக அது முறையிட்டதை நபியவர்கள் அந்த அன்ஸாரித் தோழரிடம் சொல்லிக் கண்டித்ததும் நாம் அறிந்ததே. அந்த ஒட்டகத்தின் மொழியை விளங்கிக்கொள்ள ஒரு நபி இருந்தார்கள். மிஷ்மிஷுக்கு நாங்கள் மட்டுமே இருந்தோம். தூக்கும்போது அது முனகிய முனகல்தான் அதன் முறையீடு. அதைச் சோம்பல் என்று மொழிபெயர்த்துக்கொண்டோம். வீட்டிலுள்ள முதியவர்களின் முனகலையும், ஓத வரும் பிள்ளை பாடத்தில் பின்தங்குவதையும் நாம் எப்படியெல்லாம் மொழிபெயர்த்துக்கொள்கிறோம் என்ற எண்ணம் அன்றிலிருந்து எங்களை விட்டு அகலவில்லை.

மிஷ்மிஷ் பிழைத்தது, அல்ஹம்துலில்லாஹ். எலும்பு உறுதிப்படும்வரை தாவவோ ஓடவோ கூடாது என்பதால் பல வாரங்கள் சிறு கூண்டில் இருந்தது. மருத்துவர் சொன்னபடி, குட்டிகளுக்கென்று எல்லாச் சத்தும் அளவோடு சேர்த்துத் தயாரிக்கப்பட்ட உணவு மட்டுமே கொடுத்தோம். முதல் மூன்று நாள் அது தொடவில்லை. பழைய கறியைக் கேட்டு எங்கள் முகத்தைப் பார்த்துக் கத்தியது. கொடுக்காமல் இருந்ததுதான் அந்த நாட்களில் நாங்கள் செய்த இரக்கம். மகள் அறைக்குள் சென்று அழுதுவிட்டு வருவாள். நான்காம் நாள் தின்றது. ஒன்றரை மாதம் கழித்து எடுத்த படத்தில் எலும்புகள் வெள்ளையாகத் தெரிந்தன. கால் கூடிவிட்டது. முதுகின் வளைவு நிமிரவில்லை, நிமிராது. இடுப்பெலும்பும் குறுகியிருப்பதால் மலம் கழிக்கச் சிரமப்படுகிறது. வாழ்நாள் முழுவதும் அதைக் கவனித்துவர வேண்டும்.

பூனை வளர்க்கும் சகோதர, சகோதரிகளுக்குப் பட்டறிந்தவர்களாகச் சில வார்த்தைகள். வெறும் கறி, அது பச்சையானாலும் வேகவைத்ததானாலும், குட்டிக்கு முழு உணவாகாது. பச்சை இறைச்சியே கொடுப்பதென்றால், எலும்பும் உறுப்புகளும் எந்த அளவில் சேர வேண்டும் என்று கால்நடை மருத்துவரைக் கேட்காமல் தொடங்காதீர்கள். வெந்த எலும்பு சிம்பாகப் பிளந்து குடலைக் குத்தும்; அதைப் போடாதீர்கள். குழம்பில் கிடந்த கறியைக் கழுவிக் கொடுப்பதும் சரியன்று. வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்த அணுக்களைச் சிதைப்பவை. ஈரலை நாள்தோறும் கொடுத்தால் அதிலுள்ள வைட்டமின் ஏ மிகுந்து கழுத்தெலும்புகள் இறுகிவிடும். நம் கடற்கரை ஊர்களில் நெத்திலியைப் பச்சையாகப் போடும் வழக்கம் உண்டு. சில மீன்களைப் பச்சையாகவே தொடர்ந்து கொடுத்தால் அவற்றிலுள்ள நொதி வைட்டமின் பி1ஐ அழித்துவிடும். கறியை உறையவைப்பதால் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் சாவதில்லை. ஆகவே கை, பலகை, கத்தி, தட்டு அனைத்தையும் சோப்பிட்டுக் கழுவுங்கள். மணல் தட்டை நாள்தோறும் சுத்தம் செய்யுங்கள். கருவுற்ற பெண்களிடம் அந்த வேலையை விடாதீர்கள். குட்டி விளையாடுவதை நிறுத்தினால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். நாங்கள் மூன்று வாரங்கள் காத்திருந்தோம்.

சில நாட்களுக்கு முன் மாமி அவர்களிடம், “அன்று நீங்கள் கேட்டது சரியான கேள்வி மாமி. கிதாபில் பார்த்திருக்க வேண்டும்” என்றோம். அவர்கள் தஸ்பீஹை நிறுத்தாமல், “கிதாபில் இல்லாததை, அறிந்தவர்களிடம் கேட்கச் சொல்லிக் கிதாபிலேயே இருக்கிறதே மாப்பிள்ளை” என்றார்கள்.

இப்போது மொட்டைமாடிக் கதவைத் திறந்தே வைக்கிறோம். கமர் வழக்கம்போல் தோப்புக்குச் செல்கிறது. மிஷ்மிஷால் மதில் ஏற முடியாது. சுப்ஹுக்கு ஒளூ செய்ய எழுந்தால், வளைந்த முதுகுடன் கோணல் நடையில் வந்து காலைச் சுற்றிச் சுற்றி நிற்கிறது. எங்கள்மீது அதற்கு எந்த வருத்தமும் இருப்பதாகத் தெரியவில்லை. மறுமை நாளில் அது என்ன சொல்லும் என்பதை அல்லாஹ்வே அறிவான்.

யா அல்லாஹ்! எங்கள் அன்போடு அறிவையும் சேர்த்துத் தந்தருள்வாயாக! நாங்கள் அறியாமல் இழைத்த தீங்குகளை மன்னிப்பாயாக! வாயில்லா உயிர்களின் விஷயத்திலும், வாயிருந்தும் சொல்ல இயலாதவர்களின் விஷயத்திலும் எங்களைக் கேள்வி கணக்கிலிருந்து பாதுகாப்பாயாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.